இன்னும் உயிரோடிருக்கும் றஸீனாவுக்கு

காத்தான்குடி,
12.01.2025

இன்னும் உயிரோடிருக்கும் என் அன்புத் தங்கச்சி றஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் மதினி ஸஹீதா, மகள் ஸுஹைனா எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் கேட்கிற முகம் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை காலை உன்னை மௌத்தாக்கியவன் நான்தான்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டமாவடியில் இதற்குள் கண் காது மூக்கு எல்லாம் வைத்திருப்பார்கள். சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி படுத்தேன். (தொழுதேன் என்பதில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது, அதை விடு.) போனைத் திறந்தால் உன் முகம். கறுப்பு வெள்ளையில். மேலே உன் பெயர், வேறு ஒரு எழுத்தும் இல்லை. நம் ஆட்களின் படம் பேஸ்புக்கில் கறுப்பு வெள்ளையாக வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தானே, தங்கச்சி. என் நெஞ்சு திடுக்கிட்டது. பெருவிரல் மட்டும் திடுக்கிடவில்லை. அது “இன்னாலில்லாஹி” போட்டு, அதன் கீழே இரண்டு வரி இரங்கலும் போட்டு அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் பாயிலிருந்து எழும்பினேன்.

பிறகு ஸஹீதாவை எழுப்பிச் சொன்னேன். அவள் ஒரு குரல் அழுதுவிட்டு உன் நம்பருக்கே கோல் எடுத்தாள். மௌத்தான ஆளுக்குக் கோல் எடுக்கிற புத்தி அவளுக்கு மட்டும்தான் வரும். நீயே எடுத்து, “என்ன மதினி, விடியத்தால?” என்றாய். ஸஹீதா போனைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் கபுறு வரைக்கும் கொண்டுபோவேன்.

அதற்குள் சனம் வரிசையாக எழுதத் தொடங்கிவிட்டது. கூடப்பிறந்த காக்காவே எழுதிவிட்டார், இனி என்ன விசாரிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் என்னுடையதை அழித்தேன், மற்றவர்களுடையதை எப்படி அழிப்பது? மௌத்து வீட்டுக்கென்று உன் வாசலில் கதிரை இறக்க வந்த பையனுக்கு நீயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாயாம். உன் மகள் இர்ஷானா ஸுஹைனாவிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து நீ என் கோலை எடுக்கவில்லை. நியாயம். அதனால்தான் கடித உறை வாங்கினேன். இன்னொன்று: நான் பேஸ்புக்கை விட்டுவிட்டேன். “சும்மா இரி மஜீட்” என்று பக்கம் நடத்தி ஊரைச் சிரிக்க வைத்தவன் இனி உண்மையாகவே சும்மா இருக்கப்போகிறேன்.

மன்னித்தேன் என்று ஒரு வரி போடு. ஆடி மாதம் ஸுஹைனாவின் கல்யாணம், நீ இல்லாமல் நடக்காது.

உன் குற்றவாளி,
மஜீட் காக்கா

*

காத்தான்குடி,
05.02.2025

அன்பின் றஸீனாவுக்கு ஸலாம்.

பதில் இல்லை. தபால்காரர் சைக்கிளில் வருகிற சத்தம் கேட்டால் கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். அவர் எனக்கு லைட் பில்லைத் தந்துவிட்டுப் போகிறார். முத்திரை வாங்கப் போனபோது தபால் கந்தோரில் இருந்த பிள்ளை, “விண்ணப்பமா சேர்?” என்று கேட்டது. “இல்ல மகள், மன்னிப்பு” என்றேன். அதற்குத் தனி முத்திரை இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தது.

பேஸ்புக்கை விட்ட என் சங்கதியைக் கேள். கையில் இப்போது பட்டன் போன். ஆனால் பெருவிரலுக்கு இன்னும் சேதி போகவில்லை. சோறு தின்னும்போது கறியை மேலே தள்ளி, கீழே அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கிறது. துணிக்கடையில் ஒரு பொம்பிளைக்குச் சாரம் காட்டிக்கொண்டிருந்தபோது சாரத்தின் மேலேயும் விரலை ஓட்டினேன். அவள் தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

சிரிப்புக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு மௌத்து, ஒரு பிறந்தநாள் கேக், காசாவில் ஒரு பிள்ளை, பக்கத்தில் புரியாணி குவித்த சவன் தட்டு. எல்லாவற்றையும் ஒரே முகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். உன் படத்தைப் பார்த்தபோதும் அதே முகமாக இருந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். நெஞ்சு திடுக்கிட்டது என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது எனக்கு நிச்சயமில்லை.

சரி, ஊர்க்கதை. பின்வீட்டு நிஸ்மியா புது மருமகனுக்கு ஆக்கிய முதல் சாப்பாட்டை வீடியோ எடுத்துப் போட்டாளாம். மருமகன் கொட்டாவி விட்டது ஊர் முழுக்கப் போய்விட்டதாம். ஸஹீதாதான் சொன்னாள், நான் பார்க்கவில்லை.

நீ தின்கிறாயா, உறங்குகிறாயா? அதையாவது எழுது.

மஜீட் காக்கா

*

ஓட்டமாவடி,
24.02.2025

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நானும் இர்ஷானாவும் சுகம். அவளுடைய வாப்பா கட்டாரில் சுகம். மதினிக்கும் ஸுஹைனாவுக்கும் ஸலாம் சொல்லவும்.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. எனக்குக் கோபம் இல்லை.

படத்தை ஏன் கறுப்பு வெள்ளையாக்கினாய் என்று எல்லாரும் கேட்டார்கள். கலரில் கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளையில் தெரியவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. நீங்கள் எழுதியதை நீங்கள் அழித்துவிட்டீர்கள், ஆனால் அதற்கு முதலே படம் பிடித்து வைத்துவிட்டேன். அடிக்கடி வாசிக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி இப்போது சொல்லத் தெரியவில்லை.

றஸீனா

*

காத்தான்குடி,
18.03.2025

அன்பின் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே கஞ்சியும் நானும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று ஸஹீதாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபமில்லை என்று எழுதியிருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். ஸஹீதா அடுப்பைப் பார்த்தபடியே, “கோவம் இருந்தாத்தான் எனக்கு நிம்மதி” என்றாள்.

இர்ஷானா சொல்வதையெல்லாம் ஸுஹைனா எனக்குச் சொல்லிவிடுகிறாள், அவளை ஏசாதே. நீ பாலர் பாடசாலைக்குப் போகிறதில்லையாம். பிள்ளைகள் கேற்றுக்கு வந்து “டீச்சர்” என்று கூப்பிட்டால் உள்ளே இருந்துகொண்டு பதில் சொல்கிறதில்லையாம். நோன்பு திறக்கிற நேரம் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டு, பாங்கு சொல்லி முடிந்த பிறகும் அப்படியே வைத்துக்கொண்டு இருக்கிறாயாம்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இருக்கிறது. நம் ஆட்கள் அங்கே போவதென்றால் பல்லு வைத்தியத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீயும் பல்லென்றே சொல். நான் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். வரும்போது என் பல்லையும் காட்டலாம், அதுவும் ஆடுகிறது.

நான் எழுதிய வரியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை விடு. நோன்புப் பெருநாளைக்கு உனக்கு என்ன நிறம் பிடிக்கும்? கடைக்கு நல்ல சரக்கு வந்திருக்கிறது.

மஜீட் காக்கா

*

ஓட்டமாவடி,
22.04.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெருநாள் உடுப்பு கிடைத்தது. நிறம் நல்லம்.

கிளினிக்குக்கு இர்ஷானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்குச் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் உங்களைக் கண்டால் பகிடி விடுவீர்கள், நான் சிரிக்கவேண்டி வரும்.

டொக்டர் நல்ல பொம்பிளைப்பிள்ளை, வயது குறைவு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். “உங்களப் பத்தி எழுதினத வாசிக்கக்க என்ன மாதிரி இரிக்கும்?” என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். “வாசிக்காம இரிக்கக்க?” அதுவும் ஒன்றுமில்லை என்றேன். “அப்ப ஏன் வாசிக்கிறீங்க?” குளிசை தந்திருக்கிறா. போனை இர்ஷானாவிடம் கொடுத்துவிடச் சொன்னா. கொடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை வாங்கிப் பார்க்கிறேன்.

டொக்டருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நான் உயிரோடு இருந்தபோது பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் கைவேலை, நான் தைத்த சட்டை, வட்டலப்பம் எல்லாம் போட்டேன். நாலைந்து பேர் விரல் காட்டுவார்கள். அதில் ஒன்று இர்ஷானா. யார் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்பத் திறப்பேன். சோறு அடிப்பிடித்துக்கொண்டிருக்கும். மௌத்தான பிறகு எத்தனை பேர். என்னோடு படித்த ஒருத்தி, என்னைக் கண்டால் மற்றப் பக்கம் போகிறவள், என்னைப் போல ஒரு மனுசி இல்லை என்று எழுதியிருக்கிறாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்த பிறகு அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. அழிக்கவும் இல்லை. நான் இனி ஏதும் போட்டால் அந்த றஸீனாவைக் கெடுத்துவிடுவேன் போல இருக்கிறது.

நம் வாப்பா மௌத்தான நேரமும் இப்படித்தான் இருந்தது. அந்தக் கிழமை யாரோடு கதைத்தேன், என்ன செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அது பிறகு சரியாகிவிட்டது. இது சரியாகவில்லை.

எல்லாவற்றிலும் உங்கள் வரியைத்தான் கூடுதலாக வாசித்திருக்கிறேன். “சொல்லாமல் கொள்ளாமல் குசினிக் கதவால் உள்ளே வரக்கூடிய ஒரு ஆள் போய்விட்டார். இனி எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று கூப்பிட்டுத்தான் வருவார்கள்.” மற்றவர்கள் நல்லவள், பொறுமைசாலி என்று எழுதினார்கள். அது யாருக்கும் எழுதலாம். இது எனக்கென்று எழுதியது.

ஆனால் காக்கா, நான் உங்கள் வீட்டு அடுப்படிக்குள் அப்படி எப்போது வந்தேன்? நீங்கள் கல்யாணம் முடித்துக் காத்தான்குடிக்குப் போன பிறகு நான் வந்ததே கொஞ்சம். வந்தாலும் கோல் எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. நான் அப்படிப்பட்ட ஆளா? இதற்கு மட்டும் பகிடி இல்லாமல் பதில் எழுதுங்கள்.

றஸீனா

*

காத்தான்குடி,
29.05.2025

அன்பின் றஸீனாவுக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. கல்யாண வேலை.

கல்யாண வீட்டுச் சங்கதி கேட்கிறாயா? கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை பஸ்லான் நல்ல பையன், ஏறாவூர், கணினி வேலை. பெண் பார்க்க வந்த அன்று முழுக்கக் குனிந்தபடியே இருந்தான். என்ன அடக்கம் என்று ஸஹீதாவின் சாச்சிமார் உருகிப்போனார்கள். மடிக்குள் போன் இருந்ததை நான் மட்டும்தான் கண்டேன். எனக்கு மட்டும்தானே அந்தக் குனிவு தெரியும். கல்யாணச் சமையலை யாரிடம் கொடுப்பது என்று வீட்டில் பெரிய சண்டை. ஸஹீதாவின் மாமி ஒருத்தி, இந்த வீடு எங்கள் தாய்வழி வீடு, இதில் வந்து குடியேறிய மருமகனுக்கு இதில் என்ன கதை என்றாள். முப்பது வருடமாக நான் இன்னும் வந்து குடியேறிய மருமகன்தான். கல்யாண வேலையாக மட்டக்களப்புக்குப் பாலம் தாண்டிப் போகும்போதெல்லாம் வாவியைப் பார்க்கிறேன். தண்ணீர் ஆடாமல் கிடக்கிறது. முன்பு என்றால் படம் பிடித்துப் போட்டிருப்பேன். இப்போது பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. குளிசையை விடாதே.

நீ கேட்டதற்குப் பதில்: ஓம். நீ அப்படிப்பட்ட ஆள்தான்.

கல்யாணம் ஆடி மாதம் இருபதாம் திகதி, ஞாயிறு. ஆங்கில மாதக் கணக்கில்தான் சொல்கிறேன், ஜூலை. வா.

மஜீட் காக்கா

*

ஓட்டமாவடி,
27.06.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று இர்ஷானா சொன்னாள்.

நீங்கள் எழுதிய ஓம் கிடைத்தது.

பாலர் பாடசாலைக்குப் போனேன். ஒரு பிள்ளை, “டீச்சர், நீங்க மௌத்தாகிட்டீங்களாம் என்டு உம்மா சென்ன” என்றது. ஓம் மகள், பிறகு வந்துட்டன் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. மற்ற நாளும் போனேன்.

கல்யாணத்துக்கு வருவேன் என்று வாக்குத் தரமாட்டேன். எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இவள்தான் அந்த மௌத்தானவள் என்று காட்டுவார்கள். அதை யோசித்தால் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஸுஹைனாவுக்கு ஒரு கட்டில் விரிப்புத் தைக்கத் தொடங்கினேன். பாதியில் இருக்கிறது.

றஸீனா

*

காத்தான்குடி,
26.07.2025

என் தங்கச்சி றஸீனாவுக்கு,

ஸலாம், ஆயிரம் ஸலாம். நீ சுகமாக வீடு சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் முடிந்து வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது நான், ஸஹீதா, ஒரு அண்டா தயிர்.

கேற்றில் வரவேற்க நிறுத்தியிருந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்: ஓட்டமாவடியிலிருந்து என் தங்கச்சி வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று. சேர்வானி மாதிரி ஒன்றை என் வயிற்றுக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள், மூச்சை உள்ளே எடுத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிக்காஹ் நேரம் வந்துவிட்டது. நீ வரவில்லை. சரி, வரமாட்டாள் என்று முடிவெடுத்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன்.

குசினியில் நீ குந்தியிருந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாய்.

யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் கோல் இல்லை. பின் வளவால் வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அரிவாள்மனை எங்கே என்று கேட்டாயாம். ஸஹீதாவின் மாமி மட்டும் ஒரு தடவை “அல்லாஹ்” என்று சுவரைப் பிடித்தாளாம். நீ அவளைப் பார்த்து, “மாமி, இவ்வளவு வெங்காயம் காணுமா?” என்றாயாம். வாப்பா விடியற்காலையில் பாணும் மீனும் கொண்டு உன் வீட்டுக் குசினிக்குள் நுழைகிற அதே மாதிரி. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை, தங்கச்சி. கண்ணைத் துடைத்து வெங்காயத்தைச் சாட்டி நின்றேன்.

நீ சிரிக்கவில்லை, அதையும் கண்டேன். படம் பிடிக்க வந்த பெட்டையிடம் கையைக் காட்டி வேண்டாம் என்றாய். ஆனால் சோறு தின்றாய், மறுபடி கறி கேட்டாய். எனக்கு அது போதும்.

போகும்போது கேற்றில் நின்று என்னிடம் சொன்னாய்: “நீங்க எழுதின மாதிரி வந்து பாத்தன் காக்கா.” நான் வயிற்றுப் பட்டனைக் கழற்றினேன். சேர்வானி இறுக்கம் என்று நினைத்திருப்பாய்.

விரிப்பு ஸுஹைனாவின் கட்டிலில் கிடக்கிறது. நானும் போன் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறேன். நாம் இரண்டு பேரும் தப்பிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

மஜீட் காக்கா

*

ஓட்டமாவடி,
19.08.2025

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். மதினியின் கால் நோவு எப்படி?

தேற்றாத்தீவு வல்லிபுரம் சேர் காலமாகிவிட்டார் என்று இர்ஷானாவின் போனில் பார்த்தேன். உங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர். பிள்ளைகள் அறிவித்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே நேற்று நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தேன்.

அதே வரிதான். குசினிக் கதவால் உள்ளே வரக்கூடிய ஒரு ஆள்.

வல்லிபுரம் சேர் உங்கள் குசினிக்குள் வரமாட்டார். ஆகையால் இர்ஷானாவிடம் தேடித் தரச் சொன்னேன். ஏறாவூர் ஹாஜியாருக்கும் எழுதியிருக்கிறீர்கள். பஸ்லானின் பெரியம்மாவுக்கும். பட்டன் போனில் எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கோபம் இல்லை. அழுகையும் இல்லை. பாலர் பாடசாலைக்குப் போகிறேன், குளிசை போடுகிறேன். உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதினேன்.

றஸீனா

*

காத்தான்குடி,
31.08.2025

றஸீனாவுக்கு,

ஸலாம். ஸஹீதாவின் கால் பரவாயில்லை. நீ குளிசை போடுவது சந்தோஷம்.

பட்டன் போன் உண்மை. மேசைக்குள் மற்றப் போன் இருப்பதும் உண்மை. பெப்ரவரியிலேயே அதைத் திரும்பக் கையில் எடுத்துவிட்டேன். நிஸ்மியாவின் மருமகன் கொட்டாவி விட்டதை நான்தான் பார்த்தேன், ஸஹீதாவுக்கு நான்தான் காட்டினேன்.

அந்த வரியை எல்லா மௌத்துக்கும் போடுகிறேன். சேமித்து வைத்திருக்கிறேன், ஒரு அமுக்கில் வந்துவிடும். மஜீட் எழுதினால் நெஞ்சு உருகுது என்று சனம் சொல்கிறது. உனக்கும் அப்படித்தான் போனது. நீ கேட்டபோது சொல்லியிருக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. அது நான் எழுதிய வரியும் இல்லை. வாப்பா மௌத்தான அன்று பேஸ்புக்கில் அறிவித்தல் போட்டது நான். அதன் கீழே அந்த வரியை எழுதியது நீ. உனக்கு ஞாபகம் இல்லை. நேற்று அதைத் தேடிப் பார்த்தேன். அன்றைக்கு எழுதிய எல்லாருக்கும், முகம் தெரியாத ஆட்களுக்கும், நான் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். உன் வரியின் கீழே ஒன்றும் இல்லை.

மஜீட்